பெயரில்லாத ஒரு சின்னம்: தோட்டக் கற்றல் நிலையமொன்றின் கணினியில் நடந்த நிகழ்வின் ஆய்வு

பின்னணி

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் வீதியிலிருந்து பிரிந்து மேலேறும் ஒரு தேயிலைத் தோட்டப் பிரிவில், முன்பு பிள்ளை மடுவமாக (தொழிலாளரின் குழந்தைகளுக்கான காப்பகமாக) இருந்த கட்டடத்தில் ஒரு கற்றல் நிலையம் இயங்குகிறது. அங்கே விண்டோஸ் 10 இல் இயங்கும் ஒரு மேசைக் கணினியும், அதே பதிப்பில் இயங்கும் ஒரு மடிக்கணினியும், ஸ்கேன் செய்யவும் அச்சிடவும் பயன்படும் ஒரு பிரின்டரும் உள்ளன. மாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். காலையில் தோட்டத்து மக்கள் இணையவழி விண்ணப்பங்களை நிரப்பிக்கொள்ள வருவார்கள். நிலையத்துக்குப் பொறுப்பாக இருப்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். கணினி உதவியாளர் அதே தோட்டத்தின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்த இளம் பெண். உயர் தரத்துக்குப் பின் கணினிப் பயிற்சி முடித்து, 2024 ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தவர். நான் ஹட்டனிலிருந்து வருடத்தில் சில முறை சென்று அந்தக் கணினிகளைப் பார்த்துக் கொடுப்பவன்.

அந்த மேசைக் கணினியில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாமல் இந்நிகழ்வை விளக்க முடியாது. விண்ணப்பங்களுக்காக ஸ்கேன் செய்யப்பட்ட பிறப்புச் சான்றிதழ்கள், தேசிய அடையாள அட்டைகள், திருமணப் பதிவுகள் எனத் தோட்டத்தின் பெரும்பாலான குடும்பங்களின் ஆவணப் படிகள் அதில் இருந்தன. இலங்கையின் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, எஞ்சியிருந்தோர் 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் குடியுரிமை பெற்ற ஒரு சமூகத்தில், ஒரு தாள் தொலைவது சிறிய விடயமன்று. தகரப் பெட்டியின் அடியில் துணி சுற்றி ஆவணம் பாதுகாத்த தலைமுறையினர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்தத் தாள்களின் படிகள் இருக்கும் கணினியில் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்தால், அந்தப் பதற்றத்தை மிகையென்று ஒதுக்க முடியாது. பின்னர் நடந்த தவறுகள் அனைத்துக்கும் அடியில் இருந்தது அந்தப் பதற்றமே.

முதல் அறிகுறி

2024 ஜூலை மாதத்தின் ஒரு திங்கட்கிழமை, உதவியாளர், விண்டோஸின் அமைப்புகளை மாற்றும் இடமான கொன்ட்ரோல் பெனலைத் திறந்திருந்தபோது, அருகில் நின்ற பொறுப்பாளர் அதில் ஒரு வெள்ளைத் தாள் போன்ற சின்னம் இருப்பதைக் கண்டார். மற்றச் சின்னங்களுக்குப் படமும் பெயரும் இருந்தன. இதற்குப் படமும் இல்லை, பெயரும் இல்லை. அதன்மேல் சுட்டியை வைத்தபோது விளக்கம் எதுவும் தோன்றவில்லை. இருமுறை அழுத்தியபோது நீல வட்டம் ஒரு கணம் சுழன்று நின்றுவிட்டது. எச்சரிக்கையும் வரவில்லை, சாளரமும் திறக்கவில்லை.

தான் அந்தக் கணினியை மூன்று வருடங்களாகப் பார்த்து வருவதாகவும் இதற்கு முன் இப்படியொன்று இருந்ததேயில்லை என்றும் பொறுப்பாளர் உறுதியாகச் சொன்னார். புதிதாக வந்த சின்னம் புதிதாக வந்த ஆளால் வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது அன்றே. உதவியாளர் எதையோ தரவிறக்கியிருக்கிறார், அதனூடாக யாரோ கணினியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். "பிள்ளை, நெட்டுல எதையாவது அமுக்கினியா?" என்று அவர் கேட்டிருக்கிறார். "இல்ல சேர், நான் ஒண்ணும் இறக்கல" என்று அவர் சொன்ன பதில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

நேரில் பார்ப்பதற்கு முன் நடந்தவை

அன்று மாலை பொறுப்பாளர் எனக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னார். படம் ஒன்றை அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும்; அந்தத் திரைக்கு எவ்வாறு போனீர்கள், அதற்குச் சற்று முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யாமல், முழுமையான வைரஸ் சோதனை ஒன்றைச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது என்னுடைய பிழை. வைரஸ் என்ற சொல்லை நானே சொன்னதால் அவருடைய சந்தேகம் உறுதியாகிவிட்டது. சோதனையில் எதுவும் அகப்படாதபோதும், "அவரே வைரஸ் என்றுதான் சொன்னார்" என்ற எண்ணமே நிலைத்தது.

புதன்கிழமை, நகரத்தில் கொமியூனிகேஷன் கடையொன்றில் வேலை செய்யும், பொறுப்பாளருக்குத் தெரிந்த ஓர் இளைஞர், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்யும் இலவச மென்பொருள் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஓட்டினார். அது நூற்றுக்கணக்கான "பிழைகளைச்" சிவப்பு நிறத்தில் வரிசையாகக் காட்டியது. எல்லாவற்றையும் திருத்து என்ற பொத்தான் அழுத்தப்பட்டது. கணினி மறுபடி தொடங்கியபோது வெள்ளைச் சின்னம் அதே இடத்தில் இருந்தது. ஆனால் ஸ்கேன் செய்யும் மென்பொருள் அதன் பின் திறக்கவில்லை. தனியார் பரீட்சார்த்திகள் சிலரின் விண்ணப்பங்கள் நிலுவையிலிருந்த வாரம் அது. ஸ்கேன் நின்றுபோனதும், இரண்டாவது பழுதும் அதே மறைந்திருக்கும் நிரலின் வேலைதான் என்று கொள்ளப்பட்டது. வியாழக்கிழமை முதல் உதவியாளர் வேலைக்கு வரவில்லை.

இவ்வாறான துப்புரவு மென்பொருட்களின் பாவனையைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொப்ட் வெளிப்படையாகவே அறிவித்துள்ளது. தேவையற்றது எது, தேவையானது எது என்பதை அவை ஊகத்தின் பேரில் முடிவு செய்கின்றன. இங்கே அந்த ஊகம், பழுதான பதிவை விட்டுவைத்து, உயிருள்ள பதிவொன்றை அழித்தது.

நேரில் கண்டவை

சனிக்கிழமை காலை நான் நிலையத்துக்குச் சென்றேன். கணினியைத் தொடுவதற்கு முன், திங்கட்கிழமை அதைப் பயன்படுத்தியவரே இல்லாமல் இதை ஆராய முடியாது என்று பொறுப்பாளரிடம் சொல்லி, உதவியாளரை அழைக்கச் செய்தேன். அவர் தம்முடைய கொப்பியுடன் வந்தார். பயிற்சி நிலையத்தில் பழகியபடி, நாள்தோறும் செய்த வேலைகளை அதில் ஒன்றிரண்டு வரிகளில் எழுதி வைத்திருந்தார். திங்கட்கிழமைக் குறிப்பில், ஒரு கடிதத்துக்காகப் பாமினி என்ற தமிழ் எழுத்துருவைச் சேர்க்கச் சென்றதாகவும், எழுத்துருக்கள் எங்கே உள்ளன என்று தேடிக் களைத்ததால் கொன்ட்ரோல் பெனலின் காட்சியை வகைகளிலிருந்து சிறிய சின்னங்களுக்கு மாற்றியதாகவும் எழுதப்பட்டிருந்தது.

இந்த ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றியது. கொன்ட்ரோல் பெனலை இரண்டு விதமாகப் பார்க்கலாம். வகைக் காட்சியில் ஒவ்வொரு சின்னமும் தனக்குரிய தலைப்பின் கீழ் ஒடுங்கியிருக்கும். சிறிய அல்லது பெரிய சின்னங்களின் காட்சியில் எல்லாம் ஒன்றாகப் பரப்பி வைக்கப்படும். ஒரு மென்பொருள் தன் சின்னத்தைப் பதியும்போது அது எந்த வகையைச் சேர்ந்தது என்று குறிப்பிடாவிட்டால், முதலாவது காட்சியில் அதற்கு இடமில்லை. இரண்டாவதில் மட்டுமே அது தெரியும். நான் காட்சியை வகைகளுக்கு மாற்றினேன், வெள்ளைச் சின்னம் மறைந்தது. மீண்டும் சிறிய சின்னங்களுக்கு மாற்றினேன், அது வந்தது. பொறுப்பாளரை அழைத்து அவரையே இரண்டு முறை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். மூன்று வருடங்களாக அவர் வகைக் காட்சியை மட்டுமே பார்த்து வந்திருக்கிறார். திங்கட்கிழமை சின்னம் கண்ணில் பட்டது என்பது உண்மை. திங்கட்கிழமைதான் அது வந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஆயினும் இது சின்னம் தீங்கற்றது என்பதற்குச் சான்றன்று. எனவே ஐயங்களை ஒவ்வொன்றாகக் கழிக்க முற்பட்டேன். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே ஓடும், டிஃபென்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளின் ஒஃப்லைன் சோதனையைச் செய்தேன், எதுவும் அகப்படவில்லை. கணினி தொடங்கும்போது தாமாக ஓடும் நிரல்களின் பட்டியலில் அறியாதது எதுவும் இருக்கவில்லை. சின்னங்களின் படங்களைச் சேமித்து வைக்கும் தற்காலிகக் கோப்பு பழுதடைந்தாலும் சின்னங்கள் வெள்ளையாகத் தோன்றுவதுண்டு என்பதால் அதைப் புதிதாக உருவாக்கச் செய்தேன், மாற்றமில்லை. இறுதியாக, அக்கணினியில் புதிய பயனர் கணக்கொன்றை உருவாக்கி அதனூடாக நுழைந்து பார்த்தேன். அங்கும் சின்னம் இருந்தது. இது பயனுள்ள தகவல். ஒரு பயனரின் கணக்குக்குள் மட்டும் பதியப்பட்டதாயின் புதிய கணக்கில் அது வரக்கூடாது. ஆகவே அது கணினி முழுவதற்குமாக, நிர்வாகி உரிமையுடன் பதியப்பட்ட ஒன்று. உதவியாளர் பயன்படுத்திய கணக்குக்கு அந்த உரிமை வழங்கப்பட்டிருக்கவில்லை.

சின்னத்தின் வேரைத் தேடுதல்

கொன்ட்ரோல் பெனலில் ஒரு சின்னம் தோன்ற இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. முதலாவது பழைய வழி. சி.பி.எல். என்று முடியும் பெயர் கொண்ட ஒரு கோப்பு, விண்டோஸ் கோப்புறையினுள் சிஸ்டம் 32 இல் இருந்தால், கொன்ட்ரோல் பெனல் திறக்கும்போது அதைக் கண்டெடுத்துச் சின்னமாகக் காட்டும். திகதி நேரம், சுட்டி, ஒலி போன்றவற்றின் அமைப்புகள் இன்றும் இப்படிப்பட்ட கோப்புகளில்தான் உள்ளன. 64 பிட் விண்டோஸில், 32 பிட் மென்பொருட்களின் அத்தகைய கோப்புகள் சிஸ்வாவ் 64 என்ற வேறொரு கோப்புறையில் இருக்கும். இதை மறந்து ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவோர் பலர். இரண்டிலும் பார்த்தேன். எல்லாக் கோப்புகளும் விண்டோஸுக்கோ, கணினியின் ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருளான ஒலி இயக்கிக்கோ உரியனவாக இருந்தன.

இரண்டாவது வழி ரெஜிஸ்ட்ரி. விண்டோஸும் அதில் நிறுவப்பட்ட மென்பொருட்களும் தம் அமைப்புகளை எழுதி வைக்கும் பெரும் பதிவேடு அது. அதில் லோக்கல் மெஷின் கிளையின் கீழ் சொப்ட்வெயார், மைக்ரோசொப்ட், விண்டோஸ், கரன்ட் வேர்ஷன், எக்ஸ்ப்ளோரர், கொன்ட்ரோல் பெனல் என்று இறங்கிச் சென்றால் நேம் ஸ்பேஸ் என்ற கிளை இருக்கும். அதன் கீழே பெயர்களுக்குப் பதிலாக, நெளிந்த அடைப்புக்குறிகளுக்குள் 32 பதினறும இலக்கங்கள் கொண்ட நீண்ட அடையாள எண்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சின்னத்துக்கான சுட்டு மட்டுமே. அந்த எண்ணுக்குரிய பெயர், படம், திறக்க வேண்டிய கோப்பு ஆகியவை வேறோர் இடத்தில், வகுப்பு அடையாளங்கள் என்ற கிளையில் அதே எண்ணின் கீழ் எழுதப்பட்டிருக்கும். லயத்து வாசலில் ஒரு பெயர்ப்பலகை தொங்குவதற்கும் அறைக்குள் ஆள் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. குடியிருந்தவர் போய்விட்டாலும் பலகை தொங்கிக்கொண்டேயிருக்கலாம்.

இங்கே மடிக்கணினி பேருதவியாக இருந்தது. இரண்டு கணினிகளின் நேம் ஸ்பேஸ் கிளைகளையும் உரைக் கோப்புகளாக ஏற்றுமதி செய்து, அச்சிட்டு, உதவியாளர் ஒன்றை வாசிக்க நான் மற்றதில் கோடிட்டுக்கொண்டு போனேன். மேசைக் கணினியில் இரண்டு எண்கள் கூடுதலாக இருந்தன. கூடுதலாக இருப்பது ஒன்றை மட்டுமே காரணமாகக் கொண்டு இரண்டையும் அழித்திருந்தால் அது இன்னொரு பிழையாகியிருக்கும். முதலாவது எண்ணைத் தொடர்ந்து சென்றபோது அது ஒலி இயக்கியின் ஒரு கோப்பைக் காட்டியது. கோப்பு இருந்தது, அதன் சின்னமும் உரிய பெயருடன் வேலை செய்தது. இரண்டாவது எண்ணின் கீழ் பெயர் வெறுமையாக இருந்தது. வகை குறிப்பிடப்பட்டிருக்கவில்லை. படத்துக்கும் திறப்பதற்கும் உரிய கோப்புகள் புரோகிராம் ஃபைல்ஸினுள் ஒரு கோப்புறையில் இருப்பதாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் கோப்புறையே கணினியில் இல்லை. 32 பிட் மென்பொருட்களுக்கென ரெஜிஸ்ட்ரியில் தனியாக உள்ள கிளையையும் பார்த்தேன். அங்கே மிகுதியாக எதுவும் இல்லை.

அந்தச் சின்னம் எங்கிருந்து வந்தது

இல்லாத அந்தக் கோப்புறையின் பெயர், மின்சாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒரு சுருக்கப் பெயரையும் சேர்த்தது. அதைச் சத்தமாக வாசித்தபோது பொறுப்பாளர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின் அலமாரியிலிருந்து நிலையத்தின் செலவுக் கோப்பை எடுத்து வந்தார். 2022 மே மாதத் திகதியிட்ட பற்றுச்சீட்டொன்று அதில் இருந்தது. அவ்வருடம் மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பர். திடீரென மின்சாரம் நின்று கணினி கெட்டுப்போகாமல் இருப்பதற்காக வாங்கப்பட்ட யூ.பி.எஸ். கருவியின் பற்றுச்சீட்டு அது. அதனுடன் வந்த இறுவட்டிலிருந்து, பற்றரியின் அளவைக் காட்டும் மென்பொருளொன்று நிறுவப்பட்டது அவருக்கு நினைவு வந்தது.

காலத்தை உறுதிப்படுத்த இன்னொரு வழி இருந்தது. ரெஜிஸ்ட்ரியின் ஒரு கிளையை வழமையான வடிவில் அல்லாமல் உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்தால், ஒவ்வொரு கிளையும் கடைசியாக எழுதப்பட்ட திகதியும் நேரமும் அதில் வரும். நாங்கள் அச்சிட்டு வைத்திருந்த தாளிலேயே அது இருந்தது. அந்த எண்ணின் கீழ் 2022 மே மாதத் திகதி காணப்பட்டது. இச்சான்றைக் கண்மூடி நம்பக்கூடாது. விண்டோஸ் ஒரு பெரிய பதிப்பு மாற்றத்தைச் செய்யும்போது பதிவேடு புதிதாக எழுதப்படுவதால் பழைய திகதிகள் மறைந்துவிடும். ஆனால் கட்டளைச் சாளரத்தில் சிஸ்டம் இன்ஃபோ என்ற கட்டளை காட்டிய நிறுவல் திகதி 2021 ஆக இருந்ததால், அவ்வாறான மாற்றம் இடையில் நடக்கவில்லை என்று கொள்ள முடிந்தது. பற்றுச்சீட்டும் பதிவேடும் ஒரே மாதத்தைக் காட்டின. உதவியாளர் வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒன்றரை வருடத்துக்கும் முந்திய காலம் அது.

மிச்சக் கதையைப் பொறுப்பாளரே இணைத்தார். 2023 இல் யூ.பி.எஸ்ஸின் பற்றரி பழுதாகி, கருவி அகற்றப்பட்டது. அதே வருடம் கணினியின் சி டிரைவ் நிரம்பியபோது, விடுமுறைக்கு வந்திருந்த உறவுப் பையன் ஒருவர், தேவையற்றதெனத் தோன்றிய கோப்புறைகளைப் புரோகிராம் ஃபைல்ஸினுள் இருந்தே நேரடியாக அழித்தார். மென்பொருளை நீக்கும் நிரலும் அந்தக் கோப்புறைக்குள்தான் இருந்திருக்கும். அதன் பின், நிறுவப்பட்ட மென்பொருட்களின் பட்டியலில் அதை நீக்க முயன்றால், அது ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கலாம், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடவா என்று விண்டோஸ் கேட்கும். அதற்கு ஆம் என்று பதிலளித்தது பொறுப்பாளருக்கு நினைவிருந்தது. அந்த ஆம், பட்டியலிலுள்ள பெயரை மட்டும் எடுத்தது. கொன்ட்ரோல் பெனலுக்கான பதிவு அப்படியே எஞ்சியது.

அவர் உதவியாளரை நோக்கி, "பிள்ளை, நான் உன்னச் சொன்னது பிழை" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கி என் பக்கம் தள்ளினார். ஆறு நாட்களாக ஒருவர்மேல் இருந்த பழி நீங்கியது அந்த மேசையில்தான். சின்னத்தை அகற்றுவதைவிட எனக்கு அதுவே முக்கியமாகப் பட்டது. அகற்றுவதற்கு முன் வேரைக் கண்டறிந்திராவிட்டால், சின்னம் போயிருந்தாலும் பழி போயிருக்காது.

எடுத்த முடிவும் காரணமும்

நான்கு வழிகள் எம்முன் இருந்தன. சின்னத்தை அப்படியே விட்டுவிடுவது முதலாவது. தொழில்நுட்ப ரீதியில் அதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் அதைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அதை விரும்பவில்லை. விண்டோஸை முழுமையாக மீள நிறுவுவது இரண்டாவது; பொறுப்பாளர் அதையே கேட்டார். கைத்தொலைபேசி டேட்டாவில் பல ஜிகாபைட் தரவிறக்க வேண்டியிருந்ததாலும், குடும்பங்களின் ஆவணப் படிகளுக்கு அதுவரை வேறு பிரதி இல்லாததாலும் அதை மறுத்தேன். அதே யூ.பி.எஸ். மென்பொருளை மீண்டும் நிறுவி முறையாக நீக்குவது மூன்றாவது. இவ்வாறான பழுதுக்கு மிகச் சிறந்த வழி அதுவே, ஏனெனில் தான் எழுதிய பதிவுகள் எவையென அந்த மென்பொருளுக்கே நன்றாகத் தெரியும். ஆனால் இறுவட்டு தொலைந்திருந்தது. இணையத்தில் அதை வைத்திருந்த தளங்கள் நம்பத்தக்கவையாக இல்லை. எஞ்சியது, குறித்த பதிவை மட்டும் கையால் நீக்குவது.

அதற்கு முன் ஆவணப் படிகள் அனைத்தும் வெளி வன்தட்டொன்றுக்குப் பிரதி எடுக்கப்பட்டன. பிழை நேர்ந்தால் முந்திய நிலைக்குத் திரும்ப உதவும் விண்டோஸ் மீட்புப் புள்ளியொன்றை உருவாக்கினேன். ரெஜிஸ்ட்ரியை விண்டோஸ் தானாகவே பிரதி எடுத்து வைத்திருக்கும் என்று பலர் இன்னும் எண்ணுகிறார்கள். விண்டோஸ் 10 இன் 1803 பதிப்பிலிருந்து அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டுவிட்டது. பிரதிகள் இருக்க வேண்டிய கோப்புறையில் வெறுமையான கோப்புகளே இருக்கும். எனவே நேம் ஸ்பேஸ் கிளையையும், வகுப்பு அடையாளங்களில் அந்த எண்ணுக்குரிய கிளையையும் தனித்தனியே ஏற்றுமதி செய்து பென் டிரைவில் வைத்தேன்.

இரண்டையும் ஒரே நாளில் நீக்கவில்லை. நேம் ஸ்பேஸிலிருந்த சுட்டை மட்டும் முதலில் நீக்கினேன். வேறேதேனும் மென்பொருள் அந்த எண்ணை எதிர்பார்த்திருந்தால், இரண்டையும் சேர்த்து நீக்கிய பின் எதனால் பழுது வந்தது என்று பிரித்தறிய முடியாது. சுட்டு எந்த எதிர்ப்புமின்றி நீங்கியது. விண்டோஸுக்கே உரிய பல பதிவுகள் நிர்வாகியும் எளிதில் அழிக்க முடியாதபடி காக்கப்பட்டிருக்கும். நீக்க முற்படும்போது அனுமதி மறுக்கப்பட்டால், உரிமையை மாற்றிக்கொண்டு முன்னே செல்லாமல், தவறான இடத்தில் கை வைத்திருக்கிறோமா என்று நின்று பார்ப்பதே என் வழக்கம்.

பின் நடந்தவை

கொன்ட்ரோல் பெனலை மூடித் திறந்தபோது வெள்ளைச் சின்னம் இல்லை. மறுதொடக்கத்துக்குப் பின்னும், புதிய பயனர் கணக்கிலும் அது வரவில்லை. ஸ்கேன் மென்பொருள் தனிப் பிரச்சினை என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது. துப்புரவு மென்பொருள் தான் அழித்தவற்றுக்குப் பிரதி எதையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே ஸ்கேன் மென்பொருளை முறையாக நீக்கி, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மீண்டும் எடுத்து நிறுவினோம். அன்று பிற்பகல் மழை பிடித்து இணைப்பு அடிக்கடி அறுந்ததால் அதற்கு மட்டும் மூன்று மணித்தியாலம் ஆயிற்று. நிலுவையிலிருந்த விண்ணப்பங்களை உதவியாளர் ஞாயிற்றுக்கிழமையும் வந்து முடித்துக்கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து நான் மீண்டும் சென்றபோது, எழுத்துருக்கள், ஒலி, பிரின்டர் எதிலும் குறை காணப்படவில்லை. வகுப்பு அடையாளங்களில் எஞ்சியிருந்த கிளையை அன்று நீக்கினோம். அந்த முறை விசைப்பலகையில் இருந்தவர் உதவியாளர். நான் அருகில் அமர்ந்து எண்ணைச் சரிபார்த்தேன்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தொலைபேசியில் இத்தகைய முறைப்பாடு வந்தால், நோயின் பெயரைச் சொல்வதற்கு முன் படத்தையும், அந்தத் திரைக்கு வந்த வழியையும் கேட்பதென இப்போது முடிவு செய்திருக்கிறேன். "இதற்கு முன் இருக்கவில்லை" என்று ஒருவர் சொல்லும்போது, "இதற்கு முன் இதே காட்சியில் பார்த்திருக்கிறீர்களா" என்பதே அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். சனிக்கிழமை நான் செய்த வைரஸ் சோதனைகளும் படக் கோப்பைப் புதுப்பித்ததும் அரை நாளை எடுத்துக்கொண்டன. கொப்பியிலிருந்த வரியையும் புதிய கணக்கில் செய்த சோதனையையும் கொண்டே ரெஜிஸ்ட்ரிக்கு நேராகச் சென்றிருக்கலாம். ஆயினும் அந்த நிலையத்தின் பதற்றத்தைக் கருதும்போது, ஒஃப்லைன் சோதனையை மட்டும் நான் மீண்டும் செய்வேன்.

நிலையத்திலும் சில மாற்றங்கள் செய்யப்பட்டன. மென்பொருள் நிறுவும்போதும் நீக்கும்போதும் திகதியையும் செய்தவரையும் எழுத ஒரு கொப்பி கணினியருகே வைக்கப்பட்டுள்ளது. உதவியாளரின் பழக்கமே அதற்கு முன்மாதிரி. இறுவட்டுகள் பற்றுச்சீட்டுகளுடன் ஒரே உறையில் வைக்கப்படுகின்றன. புரோகிராம் ஃபைல்ஸினுள் எதையும் நேரடியாக அழிக்கக் கூடாதென்றும், இடம் போதாவிட்டால் படங்களையும் தரவிறக்கங்களையும் மட்டுமே நகர்த்த வேண்டுமென்றும் சுவரில் எழுதி ஒட்டப்பட்டது. வெளியார் எவரேனும் பென் டிரைவுடன் வந்தால், உதவியாளர் முன்னிலையில், என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொன்ன பின்னரே அதைச் செருக வேண்டும் என்ற விதியைப் பொறுப்பாளர் தாமே சேர்த்தார்.

ஆவணப் படிகள் இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளி வன்தட்டுக்குப் பிரதியாகின்றன; விண்ணப்பம் முடிந்து ஒரு மாதமான படிகள், உரியவருக்குச் சொல்லி, கணினியிலிருந்து அகற்றப்படுகின்றன. விண்டோஸ் 10 க்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. அந்த மேசைக் கணினியின் செயலி (புரோசஸர்) பழையதாகையால் விண்டோஸ் 11 ஐ அது ஏற்காது. அதனால் ஸ்கேன் வேலைகளும் ஆவணங்களும் வேறொரு கணினிக்கு மாற்றப்பட இருக்கின்றன. எவை நிறுவப்பட வேண்டும், எவை வேண்டியதில்லை என்ற பட்டியலை உதவியாளர் தம் கொப்பியிலிருந்து தயாரித்து எனக்கு அனுப்பியிருக்கிறார், யூ.பி.எஸ். மென்பொருளின் பெயர் அதில் இரண்டாவது பிரிவில், 2022 மே என்ற திகதியுடன் இருக்கிறது.